பத்தில் ஒன்று: மார்மன்களின் தசமபாகமும் 1.75 கோடி உறுப்பினர் கணக்கும்

பனிமலைவாசி எழுதியது:

வணக்கம். யூட்டா மாநிலம் புரோவோவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. கீழ்த்தளத்தில் நான் வாடகைக்கு, மேலே வீட்டுக்காரர் குடும்பம். இந்த ஊரில் பெரும்பாலானவர்களைப் போல அவர்களும் மார்மன்கள். (அந்தப் பெயரைத் தவிர்க்கச் சொல்லி 2018இல் சபைத் தலைவரே கேட்டுக்கொண்டார். முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஒவ்வொரு தடவையும் தட்டச்ச என் விரலுக்குத் தெம்பு இல்லை, மன்னிக்கவும்.)

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு, குடும்பத்தோடு பிஷப்பை (இங்கே வட்டாரச் சபையைப் பார்த்துக்கொள்பவர்தான் பிஷப்) பார்க்கக் கிளம்பினார்கள். சும்மா வா என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஆறு வயதுக் கடைக்குட்டி கையில் ஓர் உறை. தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒன்றை, பெரியவர்கள் போனிலேயே கட்டிவிடுகிறார்கள், இவனுக்கு மட்டும் உறை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலில் பனி தள்ளி 4 டாலர் சம்பாதித்திருக்கிறான். அதில் பத்தில் ஒன்று 40 சென்ட். நாலு காசை உள்ளங்கையில் வைத்து என்னிடம் எண்ணிக் காட்டிவிட்டு, உறையை நாக்கால் நக்கி ஒட்டினான்.

நான் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பத்தே நிமிடம், வெளியே வந்துவிட்டார்கள். அந்த பிஷப் வார நாட்களில் பல் டாக்டராம். என்ன கேட்டார் என்றேன். “வருடம் முழுக்க நாங்கள் கொடுத்ததைக் காட்டி, இது முழுத் தசமபாகம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றோம்.” சம்பளச் சீட்டு? “அதை எதற்குக் கேட்கப்போகிறார்?” என்று சிரித்தார்.

எனக்கு இரண்டு சந்தேகம். பத்தில் ஒன்று என்றால் எதில்? வரிப்பிடித்தத்துக்கு முந்தியா, பிந்தியா? அப்புறம், உலகம் முழுக்க 1.75 கோடிப் பேர் என்கிறார்களே, அத்தனை பேரும் இப்படி உறையோடு வருகிறார்களா?

சபைக்குருவி எழுதியது:

அண்ணா, நான் பெங்களூரில் இந்தச் சபையில்தான் இருக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்துப் பன்னிரண்டு வருடம். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

எங்கள் தசமபாகத்துக்கு அடிப்படை, மிசௌரி மாநிலம் ஃபார் வெஸ்ட்டில் 1838 ஜூலை 8 அன்று சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடு. ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற எங்கள் வேதநூலில் 119ஆம் பிரிவு. அதில் இருக்கும் சொல் ‘இன்ட்ரஸ்ட்’. வட்டி என்று படித்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு வருமானம் என்று பொருள், அதற்கு மேல் விளக்கம் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று தலைமைக் குழு (சபைத் தலைவரும் அவருடைய ஆலோசகர்களும்) 1970இல் கடிதமே எழுதிவிட்டது. பிடித்தத்துக்கு முந்தியா பிந்தியா என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில். நான் பிந்தி. என் வீட்டுக்காரர் முந்தி. கல்யாணமான முதல் வருடம் இதை வைத்தே சண்டை போட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கறார். முழுத் தசமபாகம் கொடுக்காதவருக்கு ஆலயத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு கிடையாது. ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடத்தைச் சொல்லவில்லை, அங்கே யாரும் வரலாம். ஆலயம் வேறு. திருமண முத்திரை (தம்பதியை என்றென்றைக்குமாக இணைக்கும் சடங்கு), இறந்துபோன முன்னோர்களுக்கான ஞானஸ்நானம் எல்லாம் நடக்கும் இடம் அது.

இதுபோக மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை உபவாசக் காணிக்கையாகக் கொடுப்போம். அது ஏழைகளுக்கு.

தூத்துக்குடி_மேரி எழுதியது:

தசமபாகம் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். பைபிளில் ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது, மல்கியா மூன்றாம் அதிகாரம், பண்டசாலை, வானத்தின் பலகணிகள், எல்லாம் மனப்பாடம். பத்து வருடத்துக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். என் பெயர் வரும்போது ஒரு சின்ன இடைவெளி விடுவார் பாருங்கள், அது போதும், மறுவாரம் போகவில்லை.

அதனால்தான் அந்தப் பையன் உறையை ஒட்டினான் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சரி தங்கச்சி, அந்தப் பல் டாக்டர் பிஷப்புக்குச் சம்பளம் எவ்வளவு?

சபைக்குருவி எழுதியது:

பைசா கிடையாது அக்கா. அஞ்சாறு வருடம் செய்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஊழியத்துக்குப் போகும் பையன்களும் பெண்களும்கூடச் சொந்தக் காசில்தான் போகிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2020இலிருந்து மாதம் 500 டாலர், அதற்கு முன் 400. இந்தியா போன்ற இடங்களில் முடிந்த அளவு, மீதிக்குச் சபை உதவும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். கீழே சம்பளம் இல்லை, மேலே உண்டு. உச்சியில் இருக்கும் முழுநேரத் தலைவர்களுக்கு வாழ்க்கைப்படி என்று ஒன்று தருகிறார்கள். 2017இல் வெளியே கசிந்த ஆவணங்களின்படி 2014இல் அது ஆண்டுக்கு 1,20,000 டாலர். அமெரிக்காவில் பெரிய நிறுவனத் தலைவர் வாங்குவதோடு பார்த்தால் சில்லறைதான். ஆனால் ‘ஊதியமில்லா ஊழியர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓலைச்சுவடி எழுதியது:

1838 என்ற வருடத்தை அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களே! அதற்கு முந்தின வருடம்தான் ஒஹாயோவில் கர்ட்லண்டில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய வங்கி திவாலானது. கர்ட்லண்ட் ஆலயம் கட்டிய கடன் வேறு கழுத்தில். அதற்கும் முன்னால் 1831இல் வந்தது அர்ப்பணச் சட்டம். உள்ளதை எல்லாம் சபையிடம் ஒப்படை, தேவைக்கு ஏற்பத் திரும்பப் பெற்றுக்கொள் என்பது அதன் சாரம். அது நடைமுறையில் நிற்கவில்லை. 119ஆம் பிரிவைப் படித்தால் முதலில் கேட்பது உபரிச் சொத்து முழுவதையும், அதற்குப் பிறகுதான் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று. அதாவது இன்றைய தசமபாகம் ஒரு பெரிய கனவு சுருங்கி வந்த மிச்சம்.

யூட்டா பாலைக்கு வந்த பிறகு ரொக்கமே அரிது. முட்டை, வைக்கோல், கோழி, வெண்ணெய், எல்லாம் தசமபாகம்தான். கையில் ஒன்றும் இல்லாதவர் பத்து நாளைக்கு ஒரு நாள் வேலை செய்து கொடுத்தார். சால்ட் லேக் சிட்டியில் இதையெல்லாம் வாங்கி வைக்க ஒரு முற்றமும் கிடங்கும் இருந்தன. மேரி அக்கா சொன்ன பண்டசாலை நிஜமாகவே இருந்தது! பின்னாளில் அந்த இடத்தில்தான் ஹோட்டல் யூட்டா எழும்பியது.

அந்த முற்றத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இன்றும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மேரி ஃபீல்டிங் ஸ்மித், ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஹைரமின் விதவை. 1844இல் அண்ணன் தம்பி இருவரையும் கும்பல் சுட்டுக் கொன்றுவிட்டது. அந்த அம்மாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சமவெளியைக் கடந்து வந்தவர். ஒரு வருடம் விளைந்த உருளைக்கிழங்கில் நல்லதாகப் பார்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். “உழைத்துச் சாப்பிட முடிந்தவர்களே சும்மா இருக்கிறார்கள், விதவை நீங்கள் எதற்குக் கொண்டுவருகிறீர்கள்” என்ற மாதிரி கணக்கர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்! எனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தடுக்க நீ யார், வெட்கமாக இல்லையா என்று பிடித்துக்கொண்டார். வண்டிப் பக்கம் நின்று இதைக் கேட்ட பையன்தான் பிறகு சபையின் ஆறாவது தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித்.

கொக்கரக்கோ எழுதியது:

உருளைக்கிழங்கு சரி. கோழியில் பத்தில் ஒன்று எப்படி எடுப்பார்கள்? என்னிடம் ஏழு கோழிதான் இருக்கிறது.

ஓலைச்சுவடி எழுதியது:

முட்டையில் எடுப்பார்கள். உட்காருங்கள், இன்னும் முடிக்கவில்லை.

1887இல், அன்று சபையில் இருந்த பலதார மணத்தை ஒடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம் சபைச் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. எப்படியும் பறிபோகும் என்று மக்கள் கொடுப்பதும் குறைந்தது. 1893இல் நாடு முழுக்கப் பொருளாதார நெருக்கடி. சபை கடனில் மூழ்கிக் கிடந்தபோது தலைவரானவர் லொரென்சோ ஸ்னோ. 85 வயதில், 1899 மே மாதம், தெற்கு யூட்டாவில் வறண்டு கிடந்த செயின்ட் ஜார்ஜ் ஊருக்குப் போய் “தசமபாகம் செலுத்துங்கள்” என்று பேசினார். செலுத்தினால் மழை வரும் என்று வாக்குக் கொடுத்தார் என்பது சபைக்குள் புகழ்பெற்ற கதை. ஆனால் அன்றைய பேச்சுக் குறிப்புகளில் அந்த மழை வாக்கு இல்லை. அவர் மகன் பல வருடம் கழித்துச் சொன்னதில்தான் இருக்கிறது. மழை எப்படியோ, பணம் பெய்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், காணிக்கை ஏறியது, எட்டு வருடத்துக்குள் கடன் அடைந்தது.

கடன் தீர்ந்ததைச் சபையின் 1907 ஏப்ரல் மாநாட்டில் அறிவித்தவர் யார் தெரியுமா? வண்டிப் பக்கம் நின்ற அதே பையன். நன்கொடையாக அன்றி உங்களிடம் ஒரு டாலர்கூடக் கேட்கத் தேவைப்படாத நாள் வரும் என்று எதிர்பார்ப்பதாகவும் அப்போது சொன்னார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த நாள் வந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்பது என் கட்சி.

செலவு விவரத்தை சபை வருடாவருடம் மாநாட்டில் வெளியிட்டு வந்தது. 1959க்குப் பிறகு நிறுத்திவிட்டது. இப்போது ஏப்ரல் மாநாட்டில் தணிக்கைக் குழு சார்பில் ஒருவர் எழுந்து, கணக்கு எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று வாசிப்பார். ஒரு எண் இருக்காது. நாற்பது வருடமாகத் தணிக்கை வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், எண் இல்லாத தணிக்கை அறிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வருகிற தசமபாகத்தில் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பகுதியை முதலீடு செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள 1997இல் என்சைன் பீக் அட்வைசர்ஸ் என்று ஓர் அமைப்பு. அங்கே வேலை பார்த்த ஒருவர் வருமான வரித்துறையிடம் புகார் கொடுத்து, 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் அது செய்தியாக வந்தபோதுதான், கையிருப்பு சுமார் 10,000 கோடி டாலர் என்று உலகம் கேள்விப்பட்டது. பல உறுப்பினர்களுக்கே அன்றுதான் தெரியும். அப்புறம் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அபராதம் போட்டது. பெயருக்கு மட்டும் இருக்கும் 13 ஷெல் கம்பெனிகளின் பெயரில் பங்குகளைக் காட்டி, உடைமையாளர் யார் என்பதை மறைத்ததற்காக என்சைன் பீக்குக்கு 40 லட்சம் டாலர், சபைக்கு 10 லட்சம். பணத்தை யாரும் அடித்துக்கொண்டு போனதாகக் குற்றச்சாட்டு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை மறைக்க இத்தனை மெனக்கெட்டது ஏன் என்பதுதான் கேள்வி.

சபைக்குருவி எழுதியது:

ஐயா, அந்தச் செய்தி வந்தபோது எங்கள் கிளையிலும் பேச்சு இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பஞ்ச காலத்துக்குச் சேமித்து வை என்பது எங்களுக்குப் புதிது இல்லை. வீட்டிலேயே மூன்று மாத அரிசி பருப்பு வைத்திருக்கச் சொல்லும் சபை இது. கடனில் மூழ்கி மீண்ட கதையை இப்போதுதான் ஓலைச்சுவடி அண்ணன் சொன்னார். அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது.

உதவி வேலையும் சின்னது இல்லை. ஏழைகளுக்கும் நிவாரணத்துக்குமாக 2024இல் 145 கோடி டாலர் என்று சபை வெளியிட்டது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்த 145 கோடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், வெளியிட விருப்பமுள்ள எண் மட்டும் வெளியே வருகிறது.

இன்னொன்று, சால்ட் லேக்கில் ஆலயச் சதுக்கத்துக்கு எதிரே சிட்டி கிரீக் என்று ஒரு மால். 2012இல் திறந்தார்கள். (ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத மால். பனிமலைவாசிக்குத் தெரிந்திருக்கும்.) அதில் தசமபாகப் பணம் போகவில்லை என்று சபை சொல்லியிருந்தது. ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற முன்னாள் உறுப்பினர் 2021இல் வழக்குப் போட்டார், பொய் சொல்லி என் தசமபாகத்தை வாங்கிவிட்டீர்கள், 50 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்று. 2025 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் சபை பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். பணம் வந்தது முதலீட்டின் வருமானத்திலிருந்து, அதைச் சபை முன்பே சொல்லியிருக்கிறது என்றார்கள். சட்டப்படி சரி. விதை தசமபாகம், மரம் முதலீடு, பழம் மால். பழத்தில் விதை இல்லை என்று சொன்னால் என் மனம் ஏற்கமாட்டேன் என்கிறது.

கொக்கரக்கோ எழுதியது:

பணக்கார சபை பணத்தை என்ன செய்தால் எனக்கென்ன. கையில் ஆயிரம்தான் இருக்கிறது, கரண்ட் பில்லும் ஆயிரம். முதலில் எது?

ஓலைச்சுவடி எழுதியது:

இதற்குச் சபை இதழிலேயே பதில் வந்திருக்கிறது. 2012 டிசம்பரில் எல் சால்வடோர் நாட்டு பிஷப் ஒருவரைப் பற்றிய கட்டுரை. புதிதாகச் சேர்ந்த குடும்பத்திடம் அவர் சொல்கிறார்: தண்ணீர், மின் கட்டணம் கட்ட முடியாமல் போனாலும் தசமபாகத்தைக் கட்டுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். 2018இல் நைரோபிக்குப் போன அன்றைய சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சனும் ஏழைகளுக்கே தசமபாகத்தைப் போதிக்கிறோம், தலைமுறை தலைமுறையாக வரும் வறுமைச் சுழலை அது உடைக்கும் என்று பேசினார்.

தூத்துக்குடி_மேரி எழுதியது:

இதைக் கேட்டதும் அந்த மைக் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பிள்ளைக்குப் பால் வாங்கும் காசில் பத்தில் ஒன்றும், பங்களாக்காரர் காசில் பத்தில் ஒன்றும் ஒரே எடையா?

சபைக்குருவி எழுதியது:

நீங்கள் கேட்பது நியாயம் அக்கா. அந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்தினால் கொடூரமாகத்தான் தெரியும். அந்தக் குடும்பத்துக்குச் சபைக் கிடங்கிலிருந்து பொருள் கொடுத்து உதவியதும் அதே கட்டுரையில் வருகிறது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கிளையில் ஒருவருக்கு கொரோனா சமயத்தில் வேலை போய்விட்டது. மூன்று மாத வாடகை உபவாசக் காணிக்கையிலிருந்து நேராக வீட்டு ஓனருக்குப் போனது. ஆராதனையில் யார் பெயரும் சொல்லவில்லை. அவரே ஒருநாள் அழுதுகொண்டே சொன்னதால் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் தசமபாகம் வேறு கணக்கு. அது முழுவதும் சால்ட் லேக்கில் உள்ள தலைமையகத்துக்குப் போகும். தலைமைக் குழு, பன்னிரு அப்போஸ்தலர்கள், தலைமை பிஷப்புகள் கூடி எங்கே செலவு என்று முடிவு செய்வார்கள். எங்கள் கட்டட வாடகை அங்கிருந்துதான் வருகிறது. இந்திய உறுப்பினர்கள் கொடுப்பதை மட்டும் வைத்து பெங்களூரில் ஆலயம் கட்ட முடியுமா? 2018இல் அறிவித்து 2020 டிசம்பரில் மண் வெட்டினார்கள். அது இல்லாத காலத்தில் ஆலயத்தில் முத்திரை பெற விமானம் ஏறி வெளிநாடு போவார்கள். பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்டே கிடையாது.

பனிமலைவாசி எழுதியது:

என் இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

மறக்கவில்லை தம்பி, அதற்குத்தான் வருகிறேன்.

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன வீட்டில் சில டஜன் பேரோடு தொடங்கியது. 2024 முடிவில் 1.75 கோடி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். 1996இலேயே அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களை மிஞ்சிவிட்டார்கள். மெக்சிகோ, பிரேசில் ஒவ்வொன்றிலும் பதினைந்து லட்சம் வாக்கில். இதெல்லாம் சபையின் பதிவேடு.

இப்போது அரசாங்கக் குடிக்கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். பிரேசிலில் 2010இல் தன்னை மார்மன் என்று சொன்னவர்கள் சுமார் 2.26 லட்சம். சபைக் கணக்கில் 11 லட்சத்துக்கு மேல். சிலியில் 2002இல் குடிக்கணக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம், சபைப் பதிவில் ஐந்து லட்சத்துக்கு மேல். டோங்கா தீவில் மக்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் தங்கள் உறுப்பினர் என்கிறது சபை. குடிக்கணக்கில் ஐந்தில் ஒருவர்.

இதில் பொய் இல்லை, எண்ணும் முறை அப்படி. ஞானஸ்நானம் எடுத்தவர் பிறகு எட்டிப் பார்க்காவிட்டாலும் பெயர் இருக்கும். அவரே எழுதிக் கொடுத்து விலக வேண்டும், அல்லது சபை நீக்க வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாமல் போனால் 110 வயது ஆகும்வரை பட்டியலில் உயிரோடு இருப்பார்.

கொக்கரக்கோ எழுதியது:

110 வயது! எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலே தேவலாம்.

தூத்துக்குடி_மேரி எழுதியது:

சிரிக்காதீர்கள். என் பெயரும் ஒரு பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஊரைவிட்டு வந்து முப்பது வருடம். அவர்கள் என்னை விட்டுவிட்டார்களா, நான் அவர்களை விட்டேனா? எல்லாச் சபையும் இப்படித்தான் எண்ணுகிறது.

ஓலைச்சுவடி எழுதியது:

இந்தியக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம்ம ஊர் வருகிறது. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மெட்ராஸுக்கு ஊழியராக வந்தார். யூட்டாவில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் இவர். இங்கே பத்திரிகைகூட அச்சடித்துப் பார்த்தார். ஒரு கை விரல், மிஞ்சினால் இரண்டு கை விரல் அளவுக்கு ஆள் சேர்ந்தது. உடம்பு முடியாமல் அடுத்த ஆண்டே கப்பலேறிவிட்டார். நூறு வருடம் கழித்து, 1954இல், கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற கணக்காளர் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. அவரே கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டு, 1965இல்தான் ஞானஸ்நானம். பெங்களூரில் ஊழிய மையம் 1993இல், ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் ‘ஸ்டேக்’ (பல வட்டாரச் சபைகள் சேர்ந்த அமைப்பு) 2012இல். இப்போது நாடு முழுக்கப் பதினைந்தாயிரம் அளவில். 1.75 கோடியில் இது எத்தனையாவது தசம இடம் என்று கணக்கப்பிள்ளை ஐயாதான் போட வேண்டும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. சரி, முதல் பதிவில் பனிமலைவாசி எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். வருடக் கடைசியில் பிஷப் ஒவ்வொரு குடும்பத்தையும் உட்கார வைத்து முழுத் தசமபாகமா, பாதியா, இல்லையா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு மேலே போகிறது. அப்படியென்றால் எத்தனை பேர் நிஜமாக இருக்கிறார்கள் என்ற துல்லியமான கணக்கு, ஒவ்வொரு ஜனவரியிலும் சால்ட் லேக்கில் ஒரு மேசையில் இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கிறவனைவிட நிஜமான உறுப்பினர் யார்? வேறெந்த மதத்திடமும் இப்படி ஒரு கணக்கு இருக்காது. அது மட்டும் வெளியே வராது, 1.75 கோடி வரும்.

சபைக்குருவி எழுதியது:

ஐயா, அந்தப் பட்டியலில் பெயர் வராத மாதங்கள் எனக்கும் உண்டு. அந்த மாதங்களில் நான் யார்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

…இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. மன்னிக்கணும்.

பனிமலைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடைக்குட்டிக்கு முன் பல் விழுந்தது. இங்கே தலையணைக்கு அடியில் பல்லை வைத்தால் தேவதை வந்து எடுத்துக்கொண்டு காசு வைக்குமாம். ஒரு டாலர் கிடைத்தது. காலையில் அப்பாவிடம் கேட்கிறான், இதற்கும் பத்து சென்ட் உண்டா, இது சம்பாத்தியமா அன்பளிப்பா என்று. அப்பா வழக்கம்போல, அது உன் முடிவு என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கொக்கரக்கோ எழுதியது:

கொடுத்தானா இல்லையா?

பனிமலைவாசி எழுதியது:

தெரியாது. உறையை ஒட்டிவிட்டான்.